விமர்சனத்தில் 64 டிகிரி, என் வீட்டில் 77: கஸ்டம் கிராபிக்ஸ் கார்டின் கூலரை எப்படி எடை போடுவது?

கேள்வி இது: "மூன்று ஃபேன் வைத்த கஸ்டம் டிசைன் ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். விமர்சனத்தில் 22 டிகிரி அறையில் 64 டிகிரி, சத்தமே தெரியவில்லை என்றார்கள். சென்னையில் என் அறையில் 77 டிகிரி காட்டுகிறது, ஃபேன் சத்தமும் கேட்கிறது. கார்டில் கோளாறா? ஒரு கூலர் நல்லதா இல்லையா என்று நாமே எப்படிக் கண்டுபிடிப்பது?"

கஸ்டம் டிசைன் கார்டு என்றால், கிராபிக்ஸ் சில்லை மட்டும் வாங்கி, அதைக் குளிர்விக்கும் கூலரை (துடுப்புகள் வைத்த உலோக ஹீட்சிங்க்கும் ஃபேனும்) கூட்டு நிறுவனம் தானே வடிவமைத்தது. முதலில் உங்கள் கவலைக்குப் பதில். நீங்கள் சொன்ன எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் கார்டில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. 22 டிகிரி அறையில் 64 என்றால், அந்தக் கூலர் சில்லை அறைக் காற்றைவிட 42 டிகிரி மேலே வைத்திருக்கிறது. உங்கள் அறையில் மத்தியானம் 33 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதே 42-ஐக் கூட்டினால் 75. மீதி 2 டிகிரியை உங்கள் கேபினெட் சேர்த்திருக்கும், அல்லது நீங்கள் ஓட்டிய கேம் கொஞ்சம் கனமாக இருந்திருக்கும். காற்றில் குளிரும் எந்தப் பொருளும் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோக முடியாது. கூலர் செய்வதெல்லாம் காற்றுக்கும் சில்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறுக்குவதுதான். அதனால் விமர்சனம் படிக்கும்போது "எத்தனை டிகிரி" என்பதற்கு முன் "எந்த அறையில்" என்று பாருங்கள். குளிர்நாட்டு அறையில் எடுத்த எண்ணை நம் ஊர்ச் சித்திரை மாதத்தோடு நேராக ஒப்பிட்டால் எந்த நல்ல கார்டும் மோசமாகத்தான் தெரியும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 4070 சூப்பரின் மின் அளவு 220 வாட். 42-ஐ 220-ஆல் வகுத்தால் வாட்டுக்குச் சுமார் 0.19 டிகிரி வரும். ஒரே ஃபேன் வேகத்தில் இந்த எண் பெரிதாக மாறாது. எனவே 200 வாட் கார்டின் டிகிரியையும் 320 வாட் கார்டின் டிகிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இந்தக் கூலர்தான் சிறந்தது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒரே சில்லு வைத்த இரண்டு கஸ்டம் கார்டுகளிலேயே ஒன்றுக்குத் தொழிற்சாலையில் மின் வரம்பைக் கூட்டி வைத்திருப்பார்கள். அது 5 டிகிரி அதிகம் காட்டினால் குறை கூலருடையது என்று சொல்லிவிட முடியாது.

சரி, இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். கூலரின் திறமை மூன்று இடங்களில் வெளிப்படும்: வெப்பம், சத்தம், வேகம். பாதி காற்றடித்த பலூன் மாதிரி, ஒரு பக்கம் அழுத்தினால் இன்னொரு பக்கம் பிதுங்கும். இதை எனக்குத் தெளிவாகப் புரியவைத்தது 2013 அக்டோபரில் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் ரேடியான் ஆர்9 290எக்ஸ் கார்டு. ஏஎம்டியே வடிவமைத்த அந்த ஒற்றை ஊதுவிசிறிக் கூலர், சில்லை 95 டிகிரி வரை ஏறவிட்டு அங்கேயே பிடித்து வைத்தது. கார்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. அமைதி நிலையில் ஃபேன் 40 சதவீதத்தைத் தாண்டாது, வேக நிலையில் 55 வரை போகும். அமைதி நிலையில் சில்லு 95-ஐத் தொட்டதும் ஃபேனுக்கு மேலே போக அனுமதியில்லை, அதனால் கார்டு தன் கடிகார வேகத்தை (சில்லு வேலை செய்யும் வேகத்தை) குறைத்துக்கொண்டது. வேக நிலையில் கேம் நன்றாக ஓடியது, சத்தம்தான் அறையையே நிறைத்தது. வெப்பமானியில் மட்டும் இரண்டு நிலையிலும் ஏறக்குறைய அதே எண். அதை மட்டும் பார்த்தவருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. அப்புறம் கூட்டு நிறுவனங்கள் பெரிய ஹீட்சிங்க்கும் இரண்டு மூன்று ஃபேனும் வைத்துக் கஸ்டம் கார்டுகளைக் கொண்டுவந்தபோது, அதே சில்லு 95-க்கு வெகு கீழே, குறைந்த சத்தத்தில், வேகம் குறையாமல் ஓடியது. கஸ்டம் டிசைன் என்றால் வெறும் அலங்காரம் இல்லை என்று பலரும் அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

அதனால் மூன்றும் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது எதையும் அளக்க முடியாது. ஒன்றைக் கட்டிப்போட்டுவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும். நீங்கள் விமர்சனத்தோடு ஒப்பிடுவதில் உள்ள பெரிய சிக்கலும் இதுதான். அவர்கள் அறையில் 64 டிகிரியில் ஃபேன் ஒரு வேகத்தில் ஓடியிருக்கும். உங்கள் அறையில் சில்லு சூடாக இருப்பதால் கார்டு ஃபேனைத் தானாகவே முடுக்கியிருக்கும். நீங்கள் கேட்கும் சத்தம் அதுதான். அவர்கள் எழுதிய "சத்தமே தெரியவில்லை" அவர்கள் அறைக்கு உண்மையாகவே இருந்திருக்கலாம்.

வீட்டிலேயே ஒழுங்காக அளக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு சாதாரண அறை வெப்பமானியும், கார்டின் எண்களைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ, ஃபேனைக் கட்டுப்படுத்தும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இரண்டு மென்பொருள்களும் போதும். வெப்பமானியை மேசை மேலே எங்கேயோ வைக்காமல், கேபினெட்டின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிறகு ஆஃப்டர்பர்னரில் ஃபேனைத் தானியங்கியிலிருந்து எடுத்து, சுமார் 1500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1500 சுற்று) காட்டும் சதவீதத்தில் நிறுத்துங்கள். பிரேம் வரம்பு (நொடிக்கு இத்தனை காட்சிகள்தான் என்ற கட்டுப்பாடு) எதுவும் இல்லாமல் கார்டை முழுதாக வேலை வாங்கும் ஒரு கேமில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அரை மணி நேரம் என்பதில் நான் விடாப்பிடியாக இருப்பேன். மூன்று ஃபேன் கார்டின் அலுமினியமும் செம்பும் சேர்ந்து நல்ல எடை. அந்த உலோகமெல்லாம் சூடேறி முடிக்கும்வரை திரையில் தெரியும் எண் கூலரின் எண் ஆகாது. ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு "62 டிகிரிதான்" என்று சொல்பவர்கள் உலோகத்தின் எடையைத்தான் அளந்திருக்கிறார்கள்.

எண் ஏறுவது நின்றதும் சில்லு, ஹாட்ஸ்பாட் (சில்லிலேயே அதிகம் சூடான புள்ளி), நினைவகம், வாட், ஆர்பிஎம், கடிகார வேகம், அறை வெப்பம் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 1200-இல் ஒரு முறை, 1800-இல் ஒரு முறை. இந்த மூன்று புள்ளிகள்தான் உங்கள் கூலரின் உண்மையான முகம். நல்ல கூலரில் 1800-இலிருந்து 1200-க்கு இறங்கினாலும் சில டிகிரிதான் ஏறும். துடுப்புகளின் பரப்பு போதாத கூலரில் சட்டென்று ஏறிவிடும், அது ஃபேன் வேகத்தை நம்பியே பிழைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சோதனைக்கு ஃபர்மார்க் என்ற சுமைச் சோதனை மென்பொருள் வேண்டாம் என்பது என் கருத்து. அது கார்டை மின் வரம்பில் போய் முட்டவைக்கிறது, கேம்கள் தரும் சுமை அப்படி இருக்காது. கேம் இல்லையென்றால் 3டிமார்க் என்ற மென்பொருளின் அழுத்தச் சோதனை நல்லது. 20 சுற்றுகள் ஓட்டி, பிரேம் நிலைத்தன்மை 97 சதவீதத்துக்குக் கீழே போனால் தோல்வி என்று சொல்லும். வெப்பத்தால் வேகம் விழுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். டெசிபல் என்பது கிலோ, லிட்டர் போலக் கூட்டிக் கழிக்கும் அளவு இல்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. 10 டெசிபல் கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். ஆகவே 32-க்கும் 35-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சின்னது என்று தள்ளிவிடாதீர்கள். அளக்கும் தூரமும் முக்கியம். திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். ஒருவர் ஒரு மீட்டரில் அளக்கிறார், இன்னொருவர் அரை மீட்டரில். இரண்டு விமர்சனங்களின் டெசிபலை ஒப்பிடுவது அதனால்தான் வீண். ஒரே ஆள், ஒரே அறை, ஒரே தூரத்தில் அளந்த எண்களைத்தான் தங்களுக்குள் ஒப்பிடலாம்.

அறையின் சொந்தச் சத்தமும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். அறையே 35 டெசிபல், கார்டு மட்டும் 33 என்றால் கருவியில் 37 வரும். அதைப் பார்த்து "கார்டு 37 டெசிபல்" என்று எழுதினால் தப்பு. சீலிங் ஃபேன் சுற்றும்போது அளக்கவே அளக்காதீர்கள். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு, ஃபேனையும் ஏசியையும் நிறுத்திவிட்டு, தெருவில் பால் வண்டி வருவதற்கு முன்னால் அளப்பது என் வழக்கம். போனில் உள்ள டெசிபல் செயலியை நம்பலாமா என்று கேட்பீர்கள். அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள், எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். போனை நகர்த்தாமல் 1200, 1500, 1800 என்று மூன்று வேகத்திலும் எடுத்தால் போதும்.

ஃபேன் வேகம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் பொது விதி. அதன்படி 2000-இலிருந்து 1600 ஆர்பிஎம்முக்கு இறக்கினால் ஏறக்குறைய 5 டெசிபல் குறையும். காற்றின் அளவோ 20 சதவீதம்தான் குறையும். பெரிய கூலரின் அருமை இந்தக் கணக்கில் இருக்கிறது. பெரிய கூலரை வைத்து 77-ஐ 67 ஆக்குவதைவிட, 77-இலேயே இருக்கவிட்டு ஃபேனை மெதுவாகச் சுற்றவிடுவதுதான் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிகிறது. சில்லுக்கு 77 டிகிரி ஒரு சுமையே இல்லை. மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்காரும் நமக்குத்தான் சத்தம் சுமை. அதனால் இரண்டு கார்டுகளை ஒப்பிடுவதாக இருந்தால் நான் மதிக்கும் ஒரே சோதனை, இரண்டையும் ஒரே டெசிபலில் ஓடவிட்டு எது குளிர்ச்சியாக இருக்கிறது என்று பார்ப்பதுதான். விமர்சனத்தில் அந்தப் பகுதி இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். கார்டில் இரண்டு பயாஸ் (ஃபேன், மின் அளவு அமைப்புகளை வைத்திருக்கும் உள்மென்பொருள்) இருக்கிறதா, எதில் சோதித்தார்கள் என்பதையும் பாருங்கள். பல கஸ்டம் கார்டுகளில் வேகத்துக்கு ஒன்று, அமைதிக்கு ஒன்று என்று ஓரத்தில் சுவிட்ச் இருக்கும். அதைத் தள்ளினாலே உங்கள் புகாரில் பாதி தீர்ந்துவிட வாய்ப்பு உண்டு.

டெசிபலில் பிடிபடாத சத்தங்களும் உண்டு. ஒரே அளவு சத்தத்தில் ஒரு கார்டு காற்றோசையாக மட்டும் கேட்கும், இன்னொன்று கீச்சென்று ஒரு சுருதியில் பிடித்து நிற்கும். இரண்டாவதை ஒரு இரவுகூடத் தாங்க முடியாது. மூன்று ஃபேன் கார்டில் இன்னொரு விசேஷம் இருக்கிறது. ஒன்பது இறக்கை ஃபேன் 1500 ஆர்பிஎம்மில் சுற்றினால் இறக்கைகள் எழுப்பும் ஒலி 225 ஹெர்ட்ஸ். பக்கத்து ஃபேன் 1530-இல் சுற்றினால் அது 229.5. தம்புராவில் இரண்டு தந்திகள் மயிரிழையில் சுருதி விலகினால் ஓர் அலை எழுந்து எழுந்து விழுமே, அதே "ம்வோம் ம்வோம்" இங்கேயும் கேட்கும். நொடிக்கு நாலைந்து முறை. கருவியில் எண் நன்றாகவே இருக்கும், தலை மட்டும் வலிக்கும். ஃபேன் வளைவை (எந்த வெப்பத்தில் எந்த வேகம் என்ற அமைப்பை) ஐம்பது நூறு ஆர்பிஎம் நகர்த்திப் பார்த்தால் சில சமயம் அது மறைந்துவிடும். காயில் வைன் எனும் கீச்சொலி வேறு சங்கதி. அது ஃபேனிலிருந்து வருவதில்லை, மின்சுருள்களின் அதிர்விலிருந்து வருகிறது. கேமின் முகப்புப் பக்கத்தில் பிரேம்கள் நூற்றுக்கணக்கில் பறக்கும்போதுதான் அதிகம் கிறீச்சிடும். பிரேம் வரம்பு வைத்ததும் அடங்கினால் அதுதான். கூலரைக் குறைசொல்லிப் பயனில்லை.

இனி, சில்லின் வெப்பம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு வருகிறேன். 2016-இல் ஈவிஜிஏ என்ற கூட்டு நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 1080, 1070 கார்டுகள் சிலவற்றில் சில்லு நல்ல குளிர்ச்சியாகவே இருந்தது. ஆனால் பக்கத்தில் இருந்த மின்சீராக்கிப் பகுதி தகித்தது. கூலருக்கும் அந்தப் பகுதிக்கும் நடுவே போதிய தெர்மல் பேட் (வெப்பத்தைக் கடத்தும் மெத்தைத் துண்டு) இல்லாததுதான் காரணம். நிறுவனம் பேட்களை இலவசமாக அனுப்பியது, ஃபேனை வேகமாகச் சுற்றவைக்கும் புதிய பயாஸும் கொடுத்தது. 2022 டிசம்பரில் வந்த ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸில் வேறு கதை. ஏஎம்டியின் சொந்த வடிவமைப்புக் கார்டுகள் சிலவற்றில் சராசரி வெப்பம் சாதாரணமாக இருக்க, ஹாட்ஸ்பாட் 110 டிகிரியில் போய் நின்றது. கார்டைப் படுக்கையாகப் பொருத்தும்போது அப்படி, நிமிர்த்தி வைத்தால் குறைந்தது. கூலரின் அடியில் உள்ள வேப்பர் சேம்பரில் தண்ணீர் கொஞ்சமாக இருக்கும். சூடான பக்கம் ஆவியாகி, குளிர்ந்த பக்கம் நீராகி, உள்சுவரின் துளைகள் வழியே திரும்பி வரும். ஹீட் பைப்பும் இதே மாதிரிதான் வேலை செய்கிறது. அந்தத் தொகுதிக் கார்டுகளில் தண்ணீர் போதாமல் இருந்தது என்று ஏஎம்டி 2023 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. கூட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்தக் கூலரோடு செய்த கஸ்டம் கார்டுகளுக்கு இந்தப் பிரச்சினை வரவில்லை.

எனக்கும் ஒரு அனுபவம். முன்பு ஒரு நிறுவனத்தின் கார்டு வைத்திருந்தேன், அதில் இருந்தது ஜிடிடிஆர்6எக்ஸ் என்ற வகை நினைவகம். சில்லு 70 டிகிரி, ஃபேன் சாது. மூன்று மாதம் மகிழ்ச்சியாக இருந்தேன். ஒரு நாள் தற்செயலாக நினைவக வெப்பத்தைப் பார்த்தால் 106. ஒரு நினைவகச் சில்லின் மேல் தெர்மல் பேட் விளிம்பில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகள் வந்த காலத்தில் இந்த நினைவகம் 110 டிகிரியைத் தொட்டதும் கார்டு வேகத்தைக் குறைத்தது நினைவிருக்கும். உங்கள் 4070 சூப்பரிலும் அதே வகை நினைவகம்தான், அதனால் அந்த வரியை மறக்காமல் பாருங்கள். 95-க்குக் கீழே இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். ஹாட்ஸ்பாட்டும் சில்லின் சராசரியும் 10 முதல் 15 டிகிரி விலகியிருப்பது சகஜம். 25-ஐத் தாண்டினால் சில்லுக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பேஸ்ட்டோ கூலர் உட்கார்ந்த விதமோ சரியில்லை என்று சந்தேகப்படுவேன். புதுக் கார்டில் 13 இருந்து ஒரு வருடத்தில் 24 ஆனால் பேஸ்ட் ஓரங்களுக்கு ஒதுங்கிவிட்டது என்று பொருள். வாங்கிய வாரத்தில் எழுதி வைத்த தாள் அப்போதுதான் கைகொடுக்கும்.

சும்மா இருக்கும்போது ஃபேன் நின்றுவிடும் வசதி நம் ஊரில் ஒரு தொந்தரவாக மாறுவதைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சில்லு 50, 55 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் கிளம்பும், கீழே வந்தால் நிற்கும். குளிர்ந்த அறையில் அந்தக் கோட்டை யாரும் தொடுவதே இல்லை. 34 டிகிரி அறையில், இரண்டு மானிட்டர் மாட்டியிருந்தால், கார்டு அந்தக் கோட்டிலேயே ஊசலாடும். நிமிடத்துக்கு ஒருமுறை விர்ரென்று கிளம்பி நிற்பதைவிட, 30 சதவீதத்தில் எப்போதும் மெதுவாகச் சுற்றுவது காதுக்கும் நல்லது, ஃபேனுக்கும் நல்லது. ஆஃப்டர்பர்னரில் வளைவை அப்படி மாற்றிவிடலாம்.

கேபினெட்டைச் சோதிப்பது மிக எளிது. அதே 1500 ஆர்பிஎம் சோதனையைப் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மறுபடி செய்யுங்கள். 2, 3 டிகிரி குறைந்தால் கேபினெட் பரவாயில்லை. 8, 10 குறைந்தால் கார்டைத் திட்டுவதை நிறுத்திவிட்டு முன்பக்க ஃபேன்களையும் தூசி வலையையும் பாருங்கள். மூன்று ஸ்லாட் தடிமன் கார்டுக்குக் கீழே பவர் சப்ளை மூடி ஒரு விரல் இடைவெளியில் முட்டிக்கொண்டிருந்தால், எவ்வளவு நல்ல கூலரும் மூச்சுத்திணறும்.

இன்னொன்றையும் முயன்று பாருங்கள். மின் வரம்பை 80 சதவீதமாக்கினால் 220 வாட் 176 ஆகும், மேலே பார்த்த 42 டிகிரி இடைவெளி அதே ஃபேன் வேகத்தில் 34-க்கு அருகில் வரும். வேகம் அந்த அளவுக்கு விழாது, ஏனென்றால் சில்லு தன் கடைசிச் சில மெகாஹெர்ட்ஸுக்குத்தான் மின்சாரத்தைத் தாராளமாகச் செலவழிக்கிறது. மே மாதத்தில் என் கார்டு இப்படித்தான் ஓடும்.

நாளைக் காலை இதைச் செய்யுங்கள். பயாஸ் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக் குறியுங்கள். 1500 ஆர்பிஎம்மில் அரை மணி நேரம் ஓட்டி, சில்லின் வெப்பத்திலிருந்து அறை வெப்பத்தைக் கழியுங்கள். 40-களின் நடுவுக்குள் வந்து, ஹாட்ஸ்பாட் 15 டிகிரிக்குள் விலகி, நினைவகம் 95-க்குக் கீழே இருந்தால் கார்டை நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 55-ஐத் தாண்டினாலோ, நினைவகம் 100-ஐத் தொட்டாலோ, கதவைக் கழற்றி இன்னொரு முறை எடுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் ஹெச்டபிள்யூஇன்ஃபோவின் பதிவுக் கோப்பைச் சேமித்துக்கொண்டு, மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் கடைக்குப் போங்கள். "சூடாகிறது" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் "வெயில் காலம் சார்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அறை வெப்பம், வாட், ஆர்பிஎம், ஹாட்ஸ்பாட் நான்கும் எழுதிய தாளை நீட்டினால் கார்டை வாங்கிப் பார்ப்பார்.